ஆற்றுச் சேறு பாய்ச்சி மேடாக்கிய நிலத்தில் பள்ளிக் கட்டடம்: அடித்தளம் எப்போது போடலாம்?

கரையோரத்தான் (டலா), நவம்பர் 9

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். யாங்கோன் ஆற்றின் தென்கரையில், டலாவில், எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பங்களுக்குப் பொதுவாக ஓர் ஏக்கர் நிலம் உண்டு. பிள்ளைகள் மாலையில் வந்து தமிழ் படிப்பதற்கு அங்கே ஒற்றை மாடியில் ஒரு கட்டடம் எழுப்ப வேண்டும் என்பது பெரியவர்களின் நெடுநாள் ஆசை. முன்பு நெல் விளைந்த தாழ்நிலம் அது. மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். ஆகவே ஆற்றில் தூர் வாரும் ஒருவரிடம் பேசி, நிலத்தைச் சுற்றிக் கரை கட்டி, ஜூலை முதல் அக்டோபர் தொடக்கம் வரை குழாய் வழியாகப் பாய்ச்சி நிரப்பினோம். மணல் வரும் என்றுதான் எங்களிடம் சொல்லப்பட்டது. வந்ததில் பெரும்பகுதி கருஞ்சாம்பல் நிற வண்டற்சேறு, ஏறத்தாழ 2.5 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது.

நேற்றுக் காலை பலகை போட்டு நடுவரை நடந்து பார்த்தேன். மேலே பொருக்குத் தட்டி, பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. ஒரு பாளத்தின் நடுவில் கடப்பாரையை ஊன்றினேன். முதல் நான்கு விரற்கடைக்கு இரு கைகளாலும் அழுத்த வேண்டியிருந்தது. அதன்பின் கையை எடுத்த பிறகும் அது தன் எடையிலேயே மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கழுத்துவரை போனதும் பயந்து பிடித்து இழுத்துவிட்டேன்.

பைல், அதாவது நிலத்தில் ஆழமாக இறக்கும் தூண், அடித்தால் ஏப்ரலில் வரும் திங்ஜான் என்னும் பர்மியப் புத்தாண்டுக்கு முன்பே அடித்தளத்தை முடித்துவிடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். குடும்பங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இது. இரண்டாவது முறை திரட்ட எங்களால் இயலாது. விவரம் அறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பசுண்டாங் கட்டுநர் (யாங்கோன்), நவம்பர் 9

ஐயா, உங்கள் ஒப்பந்தக்காரர் சொல்வது தவறில்லை என்பது என் எண்ணம். இருபது ஆண்டுகளாக இந்நகரத்தில் கட்டடம் கட்டுகிறேன். நம் மண் எங்குமே இளகல்தான். கீழே கெட்டியான அடுக்கு கிடைக்கும்வரை பைலை இறக்கிவிட்டால் மேலே இருப்பது சேறாயினும் தண்ணீராயினும் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது. சேறு காயும்வரை காத்திருப்பதானால் உங்கள் பிள்ளைகள் பேரன் பேத்தி எடுத்துவிடுவார்கள்.

மண்சோதனைக்காரி (யாங்கோன்), நவம்பர் 10

கரையோரத்தான் அண்ணனுக்கும் கட்டுநர் ஐயாவுக்கும் வணக்கம். மண் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

குழாயில் பாயும் சேற்றில் மண்ணைவிடத் தண்ணீரே அதிகம். தண்ணீர் தெளிந்து மதகு வழியே வெளியேறிய பிறகும், அடியில் படிந்த சேற்றில் 100 கிராம் உலர்ந்த மண்ணுக்கு 140, 150 கிராம் தண்ணீர் இருப்பது வழக்கம். அதே சேறு ஒரு கட்டடத்தைத் தாங்கும் நிலைக்கு வரும்போது அந்தத் தண்ணீர் 60 கிராம் அளவுக்கு இறங்கியிருக்கும். 140இலிருந்து 60க்கு வந்தால், இன்று 2.5 மீட்டர் நிற்கும் சேறு 1.4 மீட்டருக்குள் அடங்கிவிடும் என்று கணக்குச் சொல்கிறது. அதாவது உங்கள் நிலத்தில் இன்று நீங்கள் பார்க்கும் உயரத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீரின் உயரம். அது போயே தீரும். கட்டடம் கட்டுவதற்கு முன் போகுமா, கட்டிய பின் போகுமா என்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.

பைலைப் பற்றி ஐயா சொன்னதில் ஒரு பாதி சரி. பைல் இறங்காது; ஆனால் அதைச் சுற்றியுள்ள சேறு இறங்கும். இறங்கும் சேறு பைலின் உடலைப் பற்றிக்கொண்டு தன்னோடு கீழே இழுக்கும். கட்டடத்தின் எடைக்காக மட்டும் கணக்கிட்ட பைல் இந்த இழுவையையும் சேர்த்துச் சுமக்க வேண்டிவரும். அந்த இழுவையைக் கணக்கில் சேர்த்துப் பைலை நீட்டலாம். ஆனால் தரைத்தளம், படிக்கட்டு, கழிவுநீர்க் குழாய், முற்றம் ஆகிய எவையும் பைலின் மேல் நிற்பவை அல்லவே.

முதலில் சேற்றிலிருந்தும் அதன் அடியில் உள்ள பழைய வயல் களியிலிருந்தும் மாதிரி எடுத்து, மெழுகால் வாய் அடைத்த தகரக் குழாய்களில் அனுப்புங்கள். மாதிரியைச் சோதித்த பிறகு உறுதியாகப் பேசலாம்.

படிக்கட்டை இழந்தவள் (யாங்கோன்), நவம்பர் 10

மண்சோதனைக்காரி அம்மா சொன்னது எங்கள் வீட்டில் அப்படியே நடந்தது. ஆற்று மண் நிரப்பிய மனையில் பைல் போட்டுத்தான் கட்டித் தந்தார்கள். சுவரில் இன்றுவரை கீறல் கிடையாது. ஆனால் மூன்றாம் ஆண்டில் வாசல் படிக்கட்டு வீட்டைவிட்டுப் பிரிந்து ஒரு முழம் கீழே போனது. தரைக்கு அடியில் கழிவுநீர்க் குழாய் முறிந்து, எங்கிருந்து நாற்றம் வருகிறது என்று தெரியாமல் ஒரு மழைக்காலம் முழுவதும் தவித்தோம். தரையின் ஓர் ஓடு பெயர்ந்தபோது கையை உள்ளே விட்டேன். தரைக்குக் கீழே மண்ணே இல்லை, தோள்வரை வெற்றிடம். பள்ளிக்கூடம் என்கிறீர்கள். பிள்ளைகள் ஓடியாடும் இடம். தயவுசெய்து பொறுமையாகச் செய்யுங்கள்.

பழைய மேற்பார்வையாளர் (தான்லின்), நவம்பர் 12

சிங்கப்பூரில் கடலை நிரப்பி நிலமாக்கும் பணியில் பல ஆண்டுகள் மேற்பார்வையாளனாக இருந்தவன் நான். சாங்கி கிழக்கில், மணல் கழுவியபோது கழிந்த மென்சேறு தேங்கிய ஒரு குட்டை இருந்தது; பரப்பளவு ஏறத்தாழ 180 ஹெக்டேர். அதன் மேல் நேரடியாக மணல் கொட்டியபோது, மணல் உள்ளே போய்ச் சேறு மேலே வந்தது. பிறகு துணியைப் பெரும் விரிப்பாகத் தைத்து மேலே போர்த்தி, அதன்மீது மணலை மெல்லிய படலம் படலமாகத் தூவித்தான் அந்த இடத்தை வசப்படுத்த முடிந்தது. உங்கள் ஓர் ஏக்கருக்கும் பாடம் அதுவே. அவசரப்பட்டு ஒரு மூலையிலிருந்து லாரியில் மணலைத் தள்ளினால், அந்த மூலை புதைந்து எதிர் மூலையில் சேறு அலையாக எழும்பும். அப்படிக் கலங்கிய சேற்றைத் திரும்பச் சமன்படுத்துவது புதிதாக ஆரம்பிப்பதைவிடக் கடினம்.

கட்டுநர் தம்பி சொன்ன காலக் கணக்குக்கு வருகிறேன். களியிலிருந்து நீர் வெளியேறும் நேரம், அது கடந்து போக வேண்டிய தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரம் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். கார்ல் டெர்சாகி 1925இல் வகுத்துத் தந்த கணக்கு இது. உங்கள் சேறும் அடியிலுள்ள இளகிய களியும் சேர்ந்து 5 மீட்டர் என்று வைத்து, நீருக்கு மேல்நோக்கி மட்டுமே வழி என்றும் கொண்டால், இப்படிப்பட்ட களியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இறுகுவதற்கு ஏறத்தாழ 21 ஆண்டுகள் ஆகும். தம்பி பேரன் பேத்தி என்று சொன்னது மிகையே அல்ல. ஆனால் அந்தத் தூரத்தைக் குறைக்க முடியும். செங்குத்தாக வடிகால் பட்டைகளை ஒரு மீட்டர் இடைவெளியில் இறக்கினால், நீர் 5 மீட்டர் ஏற வேண்டியதில்லை. பக்கவாட்டில் அரை மீட்டர் நகர்ந்தால் ஒரு பட்டையைச் சேர்ந்துவிடும். 21 ஆண்டுகள் எட்டு மாதங்களுக்குள் வந்துவிடும்.

பட்டை என்பது நான்கு விரல் அகலமுள்ள பிளாஸ்டிக் நாடா. உள்ளே நீர் ஓடும் வரிப்பள்ளங்கள், மேலே மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் வடிதுணி. சுவீடன் நாட்டு வால்டர் செல்மன் முதலில் அட்டையில் செய்து பயன்படுத்தியது. பட்டை தானாக நீரை இழுக்காது என்பதை மறந்துவிடக் கூடாது. மேலே பாரம் வைத்து அழுத்தினால்தான் நீர் பட்டையைத் தேடி வரும். அந்தப் பாரத்தைத்தான் முன்சுமை என்கிறோம்.

மோல்மேன் மாணவன், நவம்பர் 12

ஐயா, ஓர் ஐயம். மணலை வாங்கிக் குவிப்பதற்குப் பதிலாக, மேலே பிளாஸ்டிக் விரிப்பை இறுக மூடி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கினால் காற்று மண்டலமே பாரமாக அமையும் என்று படித்தேன். செல்மன் 1952லேயே இதை எழுதியிருக்கிறார். சீனத்தில் தியான்ஜின் துறைமுகத்தில் தூர்வாரிய சேற்றை இம்முறையில்தான் பெருமளவு இறுக்கியிருக்கிறார்கள். இங்கும் அதைச் செய்யலாமே?

பழைய மேற்பார்வையாளர் (தான்லின்), நவம்பர் 13

நல்ல கேள்வி, தம்பி. வெற்றிடமுறை நன்றாக நடந்தால் சதுர மீட்டருக்கு 8 டன் அளவுக்குப் பாரம் கிடைக்கும். நான்கு மீட்டருக்கு மேல் மணல் குவித்ததற்கு அது சமம். மணலைப் போல் அது சேற்றை வெளிப்பக்கமாகத் தள்ளாது. ஆகவே கரை சரியும் அச்சமும் இல்லை. ஆனால் பம்பு மாதக்கணக்கில் இரவு பகலாக ஓட வேண்டும். நமக்கு மின்சாரம் எத்தனை மணி நேரம் வருகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. டீசலில் ஓட்டினால் அந்தச் செலவில் இன்னொரு பள்ளிக்கூடம் கட்டலாம். மேலும் ஆற்றோர மண்ணில் மெல்லிய மணல் வரிகள் குறுக்கே ஓடும். ஒரே ஒரு மணல் வரி பக்கத்து வயலோடு தொடர்பு கொண்டிருந்தால் போதும், வெற்றிடம் அதன் வழியே கசிந்துவிடும். சுற்றிலும் களிக்குழம்பால் தடுப்புச் சுவர் போட வேண்டிவரும். கட்டடம் நிற்கப்போகும் 600 சதுர மீட்டருக்கு இது பொருந்தாது என்பதே என் முடிவு.

வயல்வீட்டான் (பகோ), நவம்பர் 15

நான் பொறியியல் படித்தவன் அல்லன். சேற்றிலேயே பிறந்து வளர்ந்தவன். பட்டையும் மணலும் வருவதற்கு முன்பு, இந்தக் கோடையை வீணாக்காதீர்கள் என்று சொல்ல வந்தேன். யாங்கோனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி மே நடுவிலிருந்து அக்டோபருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். இப்போது தொடங்கி ஏப்ரல்வரை வெயில் இலவசமாக வேலை செய்யும். அதற்கு வாய்க்கால் மட்டும் வேண்டும்.

முதலில் கரையை ஒட்டிச் சுற்றிலும் ஒரு சாண் ஆழத்துக்குக் கோடு கிழியுங்கள். ஆழமாக வெட்டாதீர்கள், வெட்டிய அன்றே இடிந்து மூடிக்கொள்ளும். இரண்டு வாரத்தில் ஓரம் கெட்டிப்பட்டதும் அதே கோட்டை இன்னொரு சாண் ஆழப்படுத்துங்கள். பிறகு உள்ளே குறுக்கு வாய்க்கால்கள். பொருக்கு வெடித்த வெடிப்புகள் எல்லாம் ஒவ்வொரு சிறு வாய்க்கால்தான். அவை பெரிய வாய்க்காலைத் தொடுமாறு பார்த்துக்கொண்டால், மார்கழியில் தவறிப் பெய்யும் மழைகூட வெடிப்புக்குள் தேங்காமல் ஓடிவிடும். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும். இந்த நிலத்துக்குக் காய்ச்சல் மட்டும்தான்.

கடையில் ஒரு மதகு வையுங்கள். ஆற்று ஏற்றவற்றம் ஐந்து மீட்டர் அளவுக்கு உள்ள ஊர் உங்களுடையது. வற்றத்தில் தானே திறந்து ஏற்றத்தில் தானே மூடிக்கொள்ளும் மடிப்புக் கதவு இல்லாவிட்டால், பகலெல்லாம் வடித்த தண்ணீரை இரவில் ஆறு திருப்பிக் கொடுத்துவிடும்.

மோல்மேன் மாணவன், நவம்பர் 15

ஐயா சொன்னது நெதர்லாந்தில் செய்தது போலவே இருக்கிறது. அங்கே 1957இல் கிழக்கு ஃபிளவோலாந்தில் ஏரியின் நீரை இறைத்து வெளிப்பட்ட சேற்றின் மீது, மனிதன் கால் வைக்க முடியாத காரணத்தால், விமானத்திலிருந்து நாணல் விதையைத் தூவினார்கள். வெயில் மேற்பொருக்கை மட்டுமே காய வைக்கும். நாணல் வேர் ஆழத்திலிருந்து நீரை உறிஞ்சி வெளியேற்றும்.

மண்சோதனைக்காரி (யாங்கோன்), டிசம்பர் 4

அண்ணன் அனுப்பிய மாதிரிகளின் முடிவு வந்துவிட்டது. சேற்றில் 100 கிராம் மண்ணுக்கு 140 கிராம் நீர். முன்பு நான் எடுத்துக்கொண்ட அளவே. அடியிலுள்ள இளகிய களி ஏறத்தாழ 3 மீட்டர். அதன்கீழ் கெட்டியான களி.

கழிமுகச் சேற்றில் சில இடங்களில் கந்தகம் கலந்த தாது மறைந்திருக்கும். நீருக்குள் இருக்கும்வரை அது சாது. சேறு காய்ந்து காற்றுப் பட்டால் கந்தக அமிலமாக மாறி, கான்கிரீட்டையும் கம்பியையும் அரிக்கும். பொருக்கின் வெடிப்புகளில் வைக்கோல் நிற மஞ்சள் படலம் தெரிந்தால் எச்சரிக்கை. உங்கள் மாதிரியில் பெராக்சைடு ஊற்றிச் சோதித்தேன், அமிலத்தன்மை தலைகாட்டவில்லை. அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

இன்னொன்று: பழைய வயல் களி அடுக்கடுக்காகப் படிந்தது, அதில் நீர் பக்கவாட்டில் எளிதாக ஓடும். நீங்கள் பாய்ச்சிய சேறு குழாயில் கலங்கி வந்தது, அடுக்கு இல்லை. ஆகவே பக்கவாட்டு ஓட்டம் வேகமாக இருக்கும் என்று நம்பிப் பட்டைகளின் இடைவெளியைக் கூட்டாதீர்கள். மேற்பார்வையாளர் ஐயா சொன்ன ஒரு மீட்டரே சரி.

பசுண்டாங் கட்டுநர் (யாங்கோன்), டிசம்பர் 5

எல்லோரும் சொன்னதைப் படித்தேன். பைலை மட்டும் நம்பச் சொன்னதை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும்: சேற்றில் சிமெண்டைக் கலந்துவிட்டால் காத்திருக்கவே வேண்டாமே? ஜப்பானில் நாகோயா அருகே 2005இல் திறந்த விமான நிலையத் தீவுக்கு, துறைமுகத்தில் வாரிய சேற்றில் சிமெண்டைக் கலந்து குழாயிலேயே பாய்ச்சினார்களாம்.

மண்சோதனைக்காரி (யாங்கோன்), டிசம்பர் 5

உண்மைதான், ஐயா. குழாயில் காற்றழுத்தத்தால் சேறு உருண்டு புரண்டு வரும்போதே சிமெண்ட் கலந்துவிடும் முறை அது. பாய்ச்சும்போதே செய்ய வேண்டிய வேலை. இப்போது நிலத்தில் படிந்துவிட்ட 2.5 மீட்டர் சேற்றைக் கிளறிக் கலப்பதற்குத் தனி இயந்திரம் வேண்டும். கன மீட்டருக்கு 60 கிலோ சிமெண்ட் என்று குறைவாக வைத்தாலும், கட்டடப் பகுதியின் 600 சதுர மீட்டருக்கு 90 டன். அடியிலுள்ள களிக்கு அதனால் பயனும் இல்லை.

கரையோரத்தான் (டலா), மார்ச் 6

மூன்று மாதங்களாக எழுதாததற்கு மன்னிக்க வேண்டும், வாய்க்காலிலேயே கிடந்தோம். வயல்வீட்டான் அண்ணன் சொன்னபடி ஒவ்வொரு சாணாக ஆழப்படுத்தி, இப்போது சுற்று வாய்க்கால் முழங்கால் ஆழம். சேறு தானாகவே ஒன்றேகால் அடி தாழ்ந்திருக்கிறது. பொருக்கு இரண்டு சாண் தடிமன்; மாடு நடக்கிறது. பழைய இடத்திலேயே கடப்பாரையை ஊன்றினேன். பொருக்கைக் கடந்ததும், முன்போல் தானாக இறங்கவில்லை. ஆனால் ஒரு கையால் அழுத்தினால் போகிறது.

பொருக்கின் மேல் மூங்கில் பாய், அதன் மேல் மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஜியோ டெக்ஸ்டைல் துணி, அதன் மேல் நடுவிலிருந்து வெளிப்புறமாகக் கூடையால் பரப்பிய அரை மீட்டர் மணல். 30 மீட்டருக்கு 20 மீட்டர் பரப்பில் முக்கோண வரிசையாக ஒரு மீட்டர் இடைவெளியில் 700 பட்டைகள்; ஒவ்வொன்றும் ஐந்தரை மீட்டர். சிறிய எக்ஸ்கவேட்டரில் இரும்புக் குழல் பொருத்தி இறக்கினார்கள். குழலை உருவியதும் பட்டையின் வாயில் நீர் மினுங்கி நின்றதைப் பார்க்கப் பெரியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள்.

பழைய மேற்பார்வையாளர் (தான்லின்), மார்ச் 7

மனம் நிறைந்தது. இனி மணல். மொத்தம் 2.5 மீட்டர் என்பது சதுர மீட்டருக்கு 4.5 டன். இறுதியில் நிலைத்து நிற்கப் போகும் 1.2 மீட்டர் மணலும் ஒற்றை மாடிக் கட்டடமும் சேர்ந்து 3.7 டன்னுக்குள்தான் வரும். முன்சுமை இறுதிச் சுமையைவிடக் கூடுதலாக இருப்பது வேண்டுமென்றே வைத்தது. பின்னாளில் நெடுங்காலம் நடக்கும் மெல்லிய அமிழ்வை அது பெரிதும் குறைக்கும். ஆனால் 4.5 டன்னை ஒரே மூச்சில் ஏற்றாதீர்கள். இன்றைய சேறு தாங்காது, கரையோடு சரிந்துவிடும். முதலில் 1.2 மீட்டர், இரண்டு மாதம் பொறுத்து மீதி.

மணல் ஏற்றுவதற்கு முன் அமிழ்வுத் தட்டுகள் வையுங்கள்: இரண்டடிச் சதுர இரும்புத் தகடு, நடுவில் நிமிர்ந்த குழாய். மணல் உயர உயரக் குழாயையும் நீட்டிக்கொண்டே போக வேண்டும். மாதம் ஒருமுறை, ஒரே நாளில், குழாயின் தலையை லெவல் கருவியால் பாருங்கள். நான்கு தட்டுகள் போதும்.

மோல்மேன் மாணவன், மார்ச் 8

2025 மார்ச் 28 நிலநடுக்கத்தின்போது மண்டலை, சகாயின் பக்கம் ஆற்றோர மணல் குழம்பாகிப் பொங்கி வீடுகள் சாய்ந்ததை எல்லோரும் அறிவோம். 1930 மே மாதம் பகோவை அழித்த நிலநடுக்கத்தில் யாங்கோனிலும் உயிரிழப்பு ஏற்பட்டது. சேறு இறுகிவிட்டாலும், மேலே கட்டடத்துக்கு அடியில் தங்கப்போகும் மணல் அப்படிக் குழம்பாகாதா?

பழைய மேற்பார்வையாளர் (தான்லின்), மார்ச் 8

தளர்ந்த மணல், நீரில் மூழ்கியிருந்தால், குலுங்கும்போது குழம்பாகும். அதைத் தவிர்க்க நமக்கு இயன்ற வழி, பரப்பும்போதே ஒவ்வோர் அடியையும் ரோலரால் அழுத்திக் கெட்டிப்படுத்துவது. அடியில் நிற்கப்போகும் 1.2 மீட்டருக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் பட்டை இறக்கிய சேறு அதிராதபடி, அதிர்வை நிறுத்திவிட்டு எடையால் மட்டும் உருட்டுங்கள். மேலே எடுத்துவிடப் போகும் மணலுக்கு அது வேண்டாம். நிலநடுக்கத்தைக் கேட்டது மிக நல்லது, தம்பி. யாரும் கேட்கவில்லையே என்று இருந்தேன்.

கரையோரத்தான் (டலா), ஆகஸ்ட் 31

மே கடைசியில் இரண்டாம் மணலும் ஏற்றி முடிந்தது. அதற்குமுன் முதல் மணலிலேயே தரை 35 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. ஜூன் முதல் தேதியைப் பூச்சியமாகக் கொண்டால், ஜூன் முடிவில் 21, ஜூலை முடிவில் 36, இன்று 39 சென்டிமீட்டர். ஜூலையில் பெருமழையின்போது மதகுக் கதவில் வாழைத்தண்டு சிக்கி இரண்டு நாள் ஆற்றுநீர் உள்ளே ஏறியது. அதை எடுத்துச் சரிசெய்துவிட்டோம். இந்த மாதம் மூன்று சென்டிமீட்டர்தான் இறங்கியிருக்கிறது என்றால், வேலை முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? தீபாவளிக்கு அடித்தளம் போடலாம் என்று எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்.

மண்சோதனைக்காரி (யாங்கோன்), ஆகஸ்ட் 31

அண்ணன், தயவுசெய்து பொறுங்கள். 21, 15 என்று இறங்கியது திடீரென்று 3 ஆவது இயல்பு அன்று. 10 அளவில் வந்திருக்க வேண்டும். எதை ஆதாரப் புள்ளியாக வைத்து லெவல் பார்க்கிறீர்கள்?

கரையோரத்தான் (டலா), செப்டம்பர் 2

வாசலில் உள்ள விளக்குக் கம்பத்தின் அடிக்கட்டையை வைத்துப் பார்த்தோம். முதல் இரண்டு மாதமும் பக்கத்து மரப்பாலத்தின் பழைய பைல் தலையை வைத்துத்தான் பார்த்தோம். மழைக்குப் பாலத்தருகே போக முடியவில்லை என்று இந்த முறை கம்பத்தை வைத்துப் பார்த்துவிட்டார்கள். அந்தக் கம்பம் நாமே நிரப்பிய ஓரத்தில்தான் நிற்கிறது. மே மாதம் குறித்து வைத்த உயரத்தோடு இன்று பாலத்திலிருந்து ஒப்பிட்டுப் பார்த்தோம்: கம்பமே 7 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது.

மண்சோதனைக்காரி (யாங்கோன்), செப்டம்பர் 2

அப்படியானால் சரியான கணக்கு 46. கம்பமும் சேர்ந்து இறங்கியதால் தட்டு குறைவாக இறங்கியதாகத் தோன்றியது. இந்த ஒரு பிழையை நம்பி மணலை எடுத்திருந்தால், மீதி அமிழ்வு முழுவதையும் பள்ளிக்கூடச் சுவர்கள் வாங்கியிருக்கும். இனிப் பாலத்தின் பைலைத் தவிர வேறு எதையும் ஆதாரமாக வைக்காதீர்கள்.

மண்சோதனைக்காரி (யாங்கோன்), அக்டோபர் 1

செப்டம்பர் முடிவின் அளவு 53 என்று அண்ணன் தொலைபேசியில் சொன்னார். நான்கு அளவுகள் கிடைத்துவிட்டதால் முடிவைக் கணிக்கலாம். அசாவோகா என்ற ஜப்பானியர் 1978இல் சொன்ன எளிய வழி இது: சம இடைவெளியில் எடுத்த அளவுகளில், ஒவ்வொரு மாத அளவையும் அதற்கு முந்தைய மாத அளவுக்கு எதிராகக் கட்டத்தாளில் குறித்தால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழும், இரு மாத அளவும் சமமாகும் இடத்தில் அக்கோடு சேருமிடமே இறுதி அமிழ்வு. நம் கணக்கில் ஒவ்வொரு மாத இறக்கமும் முந்தைய மாதத்தில் பத்தில் ஏழு பங்கு. கோடு 70 சென்டிமீட்டரை ஒட்டிச் சேர்கிறது. தொண்ணூறு விழுக்காடு என்றால் 63. டிசம்பர் முடிவில் அதைத் தாண்டும் என்று எதிர்பார்க்கிறேன். தீபாவளிக்கு வேண்டாம், அண்ணன்.

கரையோரத்தான் (டலா), ஜனவரி 3

அக்டோபர் 58, நவம்பர் 62, டிசம்பர் 64. நான்கு தட்டுகளும் ஒன்றுக்கொன்று இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசத்துக்குள் நிற்கின்றன. மணலை வெட்டி ஒரு குழி தோண்டிச் சேறு வரை போய்ப் பார்த்தோம். கடப்பாரையைச் சம்மட்டியால் அடித்துத்தான் இறக்க வேண்டியிருந்தது. இழுத்தபோது அதன் உடலில் சேறு ஒட்டவில்லை, சீவிய பனங்கிழங்கு போல ஒரு பட்டை களி மட்டும் வந்தது.

மண்சோதனைக்காரி தங்கையும் மேற்பார்வையாளர் ஐயாவும் நேரில் வந்து பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகு, மேல் 1.3 மீட்டர் மணலை நேற்று எடுக்கத் தொடங்கினோம். அதை வெளியே கொட்டவில்லை. நிலத்தின் கிழக்குப் பாதியில், விளையாட்டுத் திடலுக்கு ஒதுக்கிய இடத்தில், அதே துணியின் மேல் பரப்புகிறோம். பாரம் எடுத்த இடத்தில் தட்டு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக மேலெழுந்திருக்கிறது. அது எதிர்பார்த்ததே என்றார் ஐயா.

கட்டுநர் ஐயா, கட்டடத்தின் அடி முழுவதும் ஒரே கான்கிரீட் பலகையாகப் பரவும் ராஃப்ட் அடித்தளத்துக்கான கம்பிக் கணக்கைக் கூலி வாங்காமல் போட்டுத் தந்திருக்கிறார். தண்ணீர், கழிவுநீர்க் குழாய்கள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் வளையும் இணைப்பு வைக்க வேண்டும் என்று படிக்கட்டை இழந்த அம்மா கேட்டுக்கொண்டார்கள், வரைபடத்தில் சேர்த்துவிட்டோம். தட்டு ஒன்றை மட்டும் எடுக்காமல், வாசல் படிக்கட்டின் ஓரத்தில் குழாய் வெளியே தெரியும்படி விட்டு வைக்கிறோம். மாதம் ஒருமுறை அதைப் பார்த்துக் குறித்துவைக்கும் வேலையை மூத்த வகுப்புப் பிள்ளைகள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அடுத்த அளவு ஜனவரி 31.